ஓட்டை வழியே விழுந்த சாத்தான்

"ஆண்டவரைக் கயிறு கட்டி மேல ஏத்தறாங்க. சாத்தானைக் கீழ தள்ளி விடறாங்க. ரெண்டுக்கும் ஒரே ஓட்டை. சிக்கனமான ஊரு, முதலாளி!"

வெரோனி கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டன்டால் பங்குக் கோயிலின் கல் தூண்கள் மேலே போய் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட இடத்தில், வளைகூரையின் நட்டநடுவே, வட்டமாக ஒரு ஓட்டை இருந்தது. ஒரு ஆள் தாராளமாக நுழையலாம். நுழைந்தும்விட்டான். போன வியாழக்கிழமை, ஆண்டவரின் விண்ணேற்பு விழா அன்று, ஊரே திரண்டிருந்த வேளையில், கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ரோமெடி பிக்லர் அந்த வழியாகத்தான் வந்து கல்தரையில் விழுந்தார்.

அவள் முதலாளி, துப்பறிவாளர் கஸ்ஸியான் மோசர், அந்தக் கல்லின் மேலேயே மண்டியிட்டிருந்தார். அதைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். பக்கத்துக் கற்களைவிட அது மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"சிரிக்காதீங்க," என்றாள் பூர்கா. "நானும் சிரிச்சேன். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கேன்."

பூர்கா செத்தவரின் மகள். கறுப்பு உடுப்பு, கறுப்புத் தலைத்துணி, அழுது முடித்து வறண்டு போன கண்கள். வெரோனிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த வாய் ஒரு நாள் தன்னைச் சந்தியில் நிறுத்தும் என்று அவளுக்கே தெரியும்.

"முதல்லேர்ந்து இன்னொரு தடவை சொல்லும்மா," என்றார் மோசர்.

"வருஷா வருஷம் நடக்கிறதுதான். இயேசு சுரூபத்தைக் கயித்துல கட்டி மேலேர்ந்து இழுப்பாங்க. இழுக்கிறது அப்பா. மேல அவர் ஒருத்தர்தான் இருப்பார். சுரூபம் ஓட்டைக்குள்ள மறைஞ்சதும் ஜனங்க பாட்டுப் பாடுவாங்க. பாட்டு முடிஞ்சா மேலேர்ந்து பூ கொட்டும். அதுக்கப்புறம் சாத்தான் விழும். வைக்கோல் பொம்மை, ஆட்டுத் தோல் சட்டை, மர முகமூடி. எல்லாரும் கையில கம்பு வச்சிருப்போம். அடிச்சு நொறுக்குவோம். மொத அடி கோயில்பிள்ளை வீட்டுப் பொண்ணோடது."

"அப்படின்னா..."

"நான்தான் அடிச்சேன். தலையில. கெக்கெக்கென்னு சிரிச்சுக்கிட்டே அடிச்சேன். மடார்னு ஒரு சத்தம். முகமூடி உடையுதுன்னு நினைச்சேன்." குரல் கொஞ்சமும் ஆடவில்லை. "எனக்கப்புறம் ஊரே அடிச்சுது. பேக்கரிக்காரர், டீச்சரம்மா, முதல் நன்மை வாங்கின குழந்தைங்க, எல்லாரும். வைக்கோலுக்குள்ளேர்ந்து சிவப்பா கசிஞ்சப்பதான் நிறுத்தினாங்க."

கோயிலுக்குள் சில்லென்று இருந்தது. வெரோனி கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள்.

"போலீஸ் என்ன சொல்லுது?" என்று கேட்டார் மோசர்.

"குடிச்சுட்டு, விளையாட்டுக்குச் சாத்தான் வேஷம் போட்டு, தவறி விழுந்துட்டாராம். சாயங்காலத்துக்குள்ள விசாரணை முடிஞ்சுபோச்சு. எங்கப்பா குடிக்கவே மாட்டார்னு நான் சொல்லலை. குடிப்பார். கோயில்ல குடிக்க மாட்டார். வாயில துணி வேற அடைச்சிருந்துச்சு. அதைக் கேட்டா, சத்தம் போட்டுச் சிரிச்சுடக் கூடாதுன்னு அவரே அடைச்சுக்கிட்டிருப்பாராம்."

"ஆகா, என்ன மூளை! அந்த போலீஸ்காரர் வாயில ஒரு துணியை அடைச்சா ஊருக்கு நல்லது," என்றாள் வெரோனி.

பூர்கா அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. மோசரைத்தான் பார்த்தாள். "யார் செஞ்சதுங்கறது அப்புறம். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாகணும். விழுந்தப்பவே செத்துட்டாரா, இல்லை நான் அடிச்சுச் செத்தாரா?"

"டாக்டர்?"

"ரெண்டுல எதுவா வேணா இருக்கலாம்னார். இதைச் சொல்ல டாக்டர் எதுக்கு?"

மோசர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "தெரிஞ்சா சொல்றேன்."

"நல்லதோ கெட்டதோ, உள்ளதைச் சொல்லணும். ஐயோ பாவம்னு பொய் சொல்லிடாதீங்க. நான் கண்டுபிடிச்சுடுவேன்." சொல்லிவிட்டு அவள் பீடத்தின் பக்கம் போய், தந்தையின் துடைப்பத்தை எடுத்துத் தரையைக் கூட்ட ஆரம்பித்தாள். கோயில்பிள்ளை செத்தாலும் கோயிலைக் கூட்ட ஆள் வேண்டுமே.

மோசர் குரலைத் தாழ்த்தினார். "காலையில அனுப்பினேனே. என்ன கொண்டுவந்தே?"

காலை முழுக்க வெரோனி ஊரைச் சல்லடை போட்டுச் சலித்திருந்தாள். மோசர் கொடுத்த கேள்வி ஒன்றுதான். சுரூபம் மேலே போகும்போது எந்தப் பக்கமாகச் சுற்றியது? அவர் கணக்கு எளிது. சுரூபம் ஏறும்போது கொலைகாரன் மேலே பதுங்கியிருக்க வேண்டும். கீழே இருந்தவர்கள் கண்டதை அவன் கண்டிருக்க மாட்டான். கேட்டால் உளறுவான்.

"இந்த ஊர்ல அது பெரிய விஷயம், முதலாளி. கோபுரக் கடிகாரத்து முள் போற பக்கமா ஆண்டவர் சுத்தினா நல்ல வருஷமாம். எதிர்ப்பக்கம் சுத்தினா கெட்ட வருஷமாம். மறையறப்ப முகம் எந்தத் திசையைப் பாக்குதோ, அந்தத் திசையில இருக்கிற பண்ணைக்கு இடியும் ஆலங்கட்டியும் நிச்சயமாம். நம்ம வானிலை ஆபீஸ்காரங்க இங்க வந்து பாடம் படிக்கலாம்."

"இந்த வருஷம்?"

"எதிர்ப்பக்கம். கேட்ட ஆளெல்லாம் அதையேதான் சொல்றாங்க. கெட்ட வருஷம், அன்னைக்கே பலிச்சுடுச்சு பாத்தியான்னு பெருமை வேற. அடிச்சது இவங்க, பழி ஆண்டவர் மேல!" வெரோனி கண்ணைச் சிமிட்டினாள். "ஆனா ஒரே ஒருத்தர் மட்டும் கடிகார முள் பக்கம்னு அடிச்சுச் சொல்றார். ஆர்கன் வாசிக்கிற கோர்பினியன். சுரூபம் மறைஞ்சதும் ஆர்கனை நிறுத்திட்டாராம். பாட்டு முழுக்க ஜனங்க வெறும் வாயாலதான் பாடினாங்களாம். ஓட்டைக்கு ஏறிப் போற கோபுரப் படி அவர் முதுகுக்குப் பின்னாலதான் இருக்கு. எப்படி?"

"பிரமாதம்," என்றார் மோசர். அவர் பிரமாதம் என்று சொன்னால் ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம்.

ஆர்கன் மாடத்துக்குப் போகும் படி குறுகலாக இருந்தது. கோர்பினியன் மூக்குக்கண்ணாடி போட்ட, சிடுசிடுத்த, குள்ள மனிதர். ஆர்கன் முன்னால் உட்கார்ந்து கறுப்பு ரொட்டியில் பாலாடைக்கட்டியை வைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"கடிகார முள் பக்கம்தான்! எத்தனை தடவை சொல்றது?" என்று எரிந்து விழுந்தார். "என் கண்ணால பாத்தேன்."

"உங்க முதுகுல கண்ணா?" என்று வெரோனி பாய்ந்தாள். "ஆர்கன் இந்தப் பக்கம், கோயில் அந்தப் பக்கம். வாசிக்கிறவர் எப்படிப் பாப்பார்? மேல போய்த்தானே?"

கோர்பினியன் ரொட்டியை நிதானமாக மென்று விழுங்கினார். பிறகு கையை நீட்டித் தலைக்கு மேலே காட்டினார். அங்கே சட்டம் போட்ட கண்ணாடி ஒன்று சாய்வாக மாட்டியிருந்தது. பீடம், பெஞ்சு, கூட்டிக்கொண்டிருக்கும் பூர்கா, எல்லாம் அதில் தெரிந்தன.

"சாமியார் எப்ப எழுந்திருக்கார், எப்ப உக்கார்றார்னு தெரியாம நான் எப்படிம்மா வாசிக்கிறது? எந்த ஊர்ல ஆர்கன் வாசிக்கிறவன் கண்ணாடி இல்லாம உக்கார்றான்?"

வெரோனி வலக்கையைத் தூக்கினாள். கண்ணாடியில் இருந்த வெரோனி இடக்கையைத் தூக்கினாள். அசடு வழிவது என்றால் என்ன என்று அவளுக்கு அந்த நிமிடம் நன்றாகத் தெரிந்தது.

"போச்சு! கண்ணாடியில பாத்தா வலது இடதாயிடும். இவர் கண்ணுக்கு மட்டும் எல்லா வருஷமும் மாறித்தான் தெரியும்."

கோர்பினியனின் வாய் திறந்தபடி நின்றது. "அட கடவுளே. அதனாலதான் நான் நல்ல வருஷம்னு சொன்னப்பல்லாம் இவனுங்க என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பாத்தானுங்களா! கல்யாணமான நாள்லேர்ந்து இதுக்காக என் பொண்டாட்டியோட சண்டை போட்டிருக்கேனே!"

மோசர் சிரித்தார். படியில் ஒரு காலை வைத்தும்விட்டார்.

"இந்தத் தடவையாவது என் பக்கம் ஒருத்தர் சேந்தாரேன்னு சந்தோஷப்பட்டேன்," என்று கோர்பினியன் பின்னாலிருந்து முணுமுணுத்தார். "மேட்டுப் பண்ணை செராஃபின் ஓக்ஸ்னர். பாலத்துல பாத்தேன். 'கடிகார முள் பக்கம்தான் சுத்தினார், ஆண்டவர் சம்மதிச்சுட்டார்'னு அவராவே சொன்னார். அவரும் இப்ப கைவிட்டுடுவார்."

மோசரின் கால் படியிலேயே நின்றுவிட்டது. "அவர்கிட்டயும் கண்ணாடி இருந்துச்சா?"

"அவர்கிட்ட ஏது கண்ணாடி? முன் வரிசை பெஞ்சுல உக்கார்ற ஆளு."

கீழே வந்ததும் மோசர் வெரோனியின் குடையைக் காட்டினார். "விரி."

"கோயிலுக்குள்ளயா? மழை வெளியில பெய்யுது, முதலாளி."

"விரிச்சுத் தலைக்கு மேல பிடி. கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா சுத்து. உன் கண்ணுக்கு எப்படித் தெரியுதோ அப்படி."

அவள் அண்ணாந்து பார்த்தபடி சுற்றினாள். மோசர் தடதடவென்று பிரசங்க மேடையில் ஏறி அங்கிருந்து எட்டிப் பார்த்தார்.

"எப்படிச் சுத்துது?"

"எதிர்ப்பக்கம்."

"எனக்கு முள் பக்கமாச் சுத்துது."

குடை வெரோனியின் கையில் அப்படியே நின்றது. ஒரே குடை, ஒரே சுற்று. கீழே இருப்பவளுக்கு ஒரு பக்கம், மேலே இருப்பவருக்கு மறு பக்கம். கொலைகாரன் பார்க்காமல் உளறுவான் என்று நினைத்தார்கள். அவன் பார்த்திருக்கிறான். நன்றாக, உற்றுப் பார்த்திருக்கிறான், மேலேயிருந்து.

"அந்த ஓக்ஸ்னரை எங்க தேடறது?" என்றாள்.

"தேட வேண்டாம்," என்றாள் பூர்கா. துடைப்பத்தோடு பின்னால் வந்து நின்றிருந்தாள். பக்கப் பீடத்தைக் காட்டினாள். "தினம் மத்தியானம் வருவார். செத்துப்போன மகனுக்கு மெழுகுதிரி ஏத்த. போன வருஷம் வைக்கோல் அள்றப்ப மேட்டு வயல்ல இடி விழுந்துச்சு. விகில், அவர் ஒரே பையன்."

பக்கப் பீடத்தின் முன்னால், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, கனத்த உடம்புக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மோசர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெரோனி பின் பெஞ்சில். பூர்காவைத் தூரத்திலேயே இருக்கச் சொல்லி மோசர் கை காட்டியிருந்தார். அவள் கேட்டால்தானே! தூணுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"மகசூல் எப்படி இருக்கும் இந்த வருஷம்?" என்று மோசர் பேச்சுக் கொடுத்தார்.

"அமோகமா இருக்கும். ஆண்டவர் நல்ல பக்கம்தான் சுத்தினார்."

"ஊரே எதிர்ப்பக்கம்னு சொல்லுது."

"ஊருக்கு என்னய்யா தெரியும்? பீர் குடிச்ச கண்ணு. நான் இமை கொட்டாம பாத்தேன்."

"எங்கேர்ந்து?"

"வேற எங்கேர்ந்து? முன் வரிசைலேர்ந்து."

மோசர் மெழுகுதிரியைப் பார்த்தபடியே, சாவகாசமாகப் பேசினார். "கீழே இருந்தவனுக்கு எதிர்ப்பக்கம்தான் தெரியும், ஓக்ஸ்னர். மேலே ஓட்டைக்குப் பக்கத்துல படுத்துக் குனிஞ்சு பாத்தவனுக்குத்தான் முள் பக்கமாத் தெரியும். கோபுரக் கடிகாரத்தை நீங்க கீழே நின்னுதானே பாக்கறீங்க? சகுனமும் கீழே நிக்கிறவனுக்குத்தான். ஆண்டவர் சம்மதிக்கலை. வேண்டாம், வேண்டாம்னு சுத்தியிருக்கார். நீங்க தப்பான பக்கத்துலேர்ந்து பாத்துட்டீங்க."

அவர் இத்தனை இரக்கமில்லாமல் பேசி வெரோனி கேட்டதில்லை.

செராஃபினின் முகத்தில் இரத்தமே இல்லை. "இல்லை," என்றார். "இல்லை, அப்படி இருக்காது. நான் கேட்டேனே! மேல ஒளிஞ்சுக்கிட்டு ஜெபம் பண்ணிக் கேட்டேன். நல்ல பக்கம் சுத்தினா செய்றேன், கெட்ட பக்கம் சுத்தினா பேசாம வீட்டுக்குப் போயிடறேன்னு. அவர் சுத்தினாரே! என் கண்ணு முன்னால சுத்தினாரே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. பத்து மாதமாக அடைத்து வைத்திருந்தது மடை உடைந்து கொட்டியது.

"என் பையனுக்கு அவன் பொண்ணைக் கேட்டேன். தரமாட்டேன்னுட்டான். சரி, தராம போடான்னு விட்டேன். அவன் விட்டானா? போன வருஷ விழாவுல ஆண்டவர் முகத்தை வேணும்னே வடக்கே திருப்பினான். வடக்கே என் பண்ணையைத் தவிர வேற என்ன இருக்கு? அறுவடை முடியறதுக்குள்ள இடி விழுந்துச்சு. என் விகில் பாதி கருகி, வண்டியில வீடு வந்து சேர்ற வரைக்கும் அம்மா அம்மான்னு கத்தினான்யா! கயிறு யார் கையில இருந்துச்சு?"

"அதுக்கு ஆளை அடிச்சுச் சாய்ச்சு, தோல் சட்டை மாட்டி, வாயை அடைச்சு..." வெரோனியால் முடிக்க முடியவில்லை. "பூவையும் நீதான் கொட்டினியா?"

"பூ கொட்டலைன்னா சந்தேகம் வருமே," என்றார் செராஃபின், இது கூடத் தெரியாதா என்பதுபோல.

தூணுக்குப் பின்னாலிருந்து பூர்கா வந்தாள். "மாமா."

"பூர்கா, நீ போம்மா," என்று மோசர் அவசரமாக எழுந்தார். "உனக்கு வேண்டிய பதில் கிடைச்சுடுச்சு. மேலே அடிச்ச அடியிலயே உங்கப்பா..."

"உங்களைக் கேக்கலை." அவள் மோசரைத் தள்ளிக்கொண்டு போய்ச் செராஃபினின் எதிரே நின்றாள். "மாமா, நீங்க சொல்லுங்க. தள்றப்ப உயிர் இருந்துச்சா?"

வெரோனி மனசுக்குள் கெஞ்சினாள். இல்லை என்று சொல்லேன், பாவி. ஒரே ஒரு பொய். உனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

செராஃபின் அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார். தன் மகனுக்கு வாய்த்திருக்க வேண்டிய பெண். அவர் உதடு கோணியது.

"இருந்துச்சு. முழிச்சுக்கிட்டுதான் இருந்தான். கீழ நீ 'சாத்தானே வா, வா'ன்னு கூப்பிட்டது அவனுக்குக் கேட்டுச்சு. விழுந்தப்புறமும் நான் மேலேர்ந்து எட்டிப் பாத்தேன். கை அசைஞ்சுக்கிட்டிருந்துச்சு. உன் பக்கமாத்தான் நீட்டினான். நீ அடிச்சே. அதுக்கப்புறம் அசையலை."

வெரோனி எதையும் யோசிக்காமல் அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள். மோசர்தான் அவளை இழுத்து நிறுத்தினார். "போய் போலீஸைக் கூட்டிட்டு வா. ஓடு!"

எதிர்ச் சாரி விடுதியில் சூப் குடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர்கள் இரண்டு பேரையும் அவள் இழுத்துக்கொண்டு திரும்பியபோது, மூவரும் விட்ட இடத்திலேயே நின்றிருந்தார்கள். செராஃபின் தானாகவே கைகளை நீட்டினார். விலங்கு மாட்டும்போது சிணுங்கவில்லை. பூர்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது.

"மாமா," என்றாள் பூர்கா. "இனிமே கோயில்பிள்ளை நான்தான். சாமியார்கிட்ட கேட்டாச்சு. அடுத்த வருஷம் கயிறு என் கையில."

செராஃபின் புருவத்தைச் சுருக்கினார்.

"அப்பா எனக்கு எல்லாம் கத்துக்குடுத்திருக்கார். எப்படிப் பிடிச்சா முகம் எங்கே திரும்பும்னு எனக்குத் தெரியும். உங்க வீட்ல மிச்சம் யாரு? அத்தையும், சின்னப் பொண்ணு ரோசினாவும், இல்லையா? வடக்கேதான் திருப்புவேன். அடுத்த வருஷம் மட்டும் இல்லை. ஒவ்வொரு விழாவுக்கும்."

அந்தப் பெரிய உடம்பு பொத்தென்று கல்தரையில் மண்டியிட்டது. "ஐயோ, பூர்கா! வேண்டாம் தாயே! குழந்தை அது! நான் சொன்னது பொய். கை அசையவே இல்லை. உங்கப்பன் மேலேயே செத்துட்டான். சத்தியமா செத்துட்டான், கேளு..."

"வடக்கே," என்றாள் பூர்கா.

போலீஸ்காரர்கள் அவரைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. வாசல் வரைக்கும், வாசலைத் தாண்டி மழைக்குள்ளும், ரோசினா ரோசினா என்று அவர் அலறியது கேட்டது. மோசர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வெரோனிக்குத்தான் பொறுக்கவில்லை. "பூர்கா, நிஜமாவே அப்படித் திருப்ப முடியுமா?"

"முடியாது. கயித்து முறுக்கு எப்படியோ அப்படித்தான் சுத்தும். அப்பாவும் ஒரு வருஷம் முயற்சி பண்ணிப் பாத்தார், நல்ல பக்கமா சுத்த வைக்கலாம்னு. ஒண்ணும் நடக்கலை." அவள் துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். "இவரைத் தூக்குல போடுவாங்களா?"

"இப்பல்லாம் தூக்கு கிடையாதும்மா," என்றார் மோசர். "ஆயுள் தண்டனை."

"நல்லது," என்றாள் பூர்கா. "கயித்து விஷயத்தை மட்டும் அவர்கிட்ட யாரும் சொல்லிடாதீங்க."